இருவர் படகில் விழித்திருப்பவர் ஒருவரே

நவம்பர் மாதம் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் பாய்மரத்தின் உச்சியில், கயிற்றில் தொங்கியபடி வேலை செய்துகொண்டிருப்பார். ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் இருக்கிற ஊர் இது. ஐரோப்பாவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளுக்குப் போகிற சிறிய பாய்மரப் படகுகள் கடைசியாகச் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்புகிற இடங்களில் முக்கியமானது. 1986-இல் ஜிம்மி கார்னெல் இங்கிருந்து படகுகளைக் கூட்டமாக அனுப்பும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார். ஏ.ஆர்.சி. என்று அதற்குப் பெயர். இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. அதில் சேர்ந்து போகிறவர்கள் உண்டு, தங்கள் போக்கில் போகிறவர்களும் உண்டு. இரண்டிலுமே கணவனும் மனைவியுமாக, வேறு ஆள் இல்லாமல் கிளம்புகிற படகுகள் நிறைய.

எதிர்க்கரையில் செயின்ட் லூசியா தீவு. இடையில் சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். நாற்பது அடிப் படகுக்கு ஏறத்தாழ மூன்று வாரப் பயணம். நவம்பரில் கிளம்புவதற்குக் காரணம் இருக்கிறது. அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிகிறது. அது ஓய்கிற நேரத்தில் வடகிழக்கு வியாபாரக் காற்று நிலைபெறத் தொடங்கும். அந்தக் காற்று பின்னாலிருந்து தள்ள, படகு மேற்கே போகும். ஆகவே இந்தத் தம்பதிகளின் வேலைத் திட்டம் எல்லாம் நவம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போடப்படுவது. ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம், சனி ஞாயிறெல்லாம் படகுத் துறையிலேயே கழியும்.

படகு ஓடுகிற நிலையில்தானே இருக்கிறது, இத்தனை நாள் என்னதான் தயார் செய்கிறார்கள் என்று கேட்கலாம். கரையோரமாக ஓடும்போது ஏதாவது உடைந்தால் சாயங்காலத்துக்குள் ஏதோ ஒரு துறைமுகத்துக்குப் போய்விடலாம். அங்கே மெக்கானிக் இருப்பார், கடை இருக்கும். நடுக்கடலில் அந்த வசதி கிடையாது. இது எல்லோருக்கும் எளிதில் புரிகிற காரணம். இன்னொரு காரணத்தை நான் இதைவிடப் பெரியதாக நினைக்கிறேன். படகு இரவும் பகலும் நிற்காமல் ஓடுகிறது. இரண்டு பேர் மூன்று மணி நேரம் அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாற்றிக்கொள்கிறார்கள். ஒருவர் விழித்திருக்க, மற்றவர் கீழே அறையில் தூங்குவார். தூங்கவில்லை என்றால் நான்காம் நாள் இருவருமே தப்புத் தப்பாக முடிவெடுக்கத் தொடங்குவார்கள். பெயருக்குத்தான் இருவர் படகு; பெரும்பாலான நேரம் அதை ஓட்டுவது ஒருவர்.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. படகில் செய்ய வேண்டிய எந்த வேலையையும், இருவரில் பலம் குறைந்தவர், இருட்டில், ஆடுகிற தளத்தில், தனியாகச் செய்ய முடிய வேண்டும். இதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தத் தம்பதிகள் ஏன் ஒரு பொருளுக்குப் பணத்தைக் கொட்டி, இன்னொன்றை வேண்டாம் என்று தள்ளுகிறார்கள் என்பது விளங்கும்.

வேலை படகின் அடியிலிருந்து தொடங்குகிறது. படகைக் கிரேனால் தூக்கிக் கரையில் தாங்குகட்டைகள் மேல் நிறுத்துவார்கள். அடிப்பகுதியில் ஒட்டிய கொட்டலசுகளையும் பாசியையும் சுரண்டி, அவை மறுபடி ஒட்டாமலிருக்க அதற்கான வண்ணம் பூச வேண்டும். உலோகப் பாகங்கள் அரிக்காமலிருக்கத் துத்தநாகக் கட்டிகளைப் புதிதாக மாட்ட வேண்டும்; அரிப்பு முதலில் அந்தக் கட்டிகளைத் தின்னும், மற்ற பாகங்கள் பிழைக்கும். இவையெல்லாம் ஆண்டுதோறும் செய்கிற வேலைகள். நெடும்பயணத்துக்கு முன் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை துளைகள்.

சாதாரணப் படகு ஒன்றின் அடியில் பல துளைகள் இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வர ஒன்று, சமையல் தொட்டி நீர் வெளியே போக ஒன்று, கழிப்பறைக்கு ஒன்றிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வும் அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயும் இருக்கும். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று கழன்றால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். கையால் அடிக்கும் பம்ப் அதற்கு ஈடுகொடுக்காது. வால்வு வெண்கலத்தில் இருந்தால் நல்லது. பித்தளை என்றால் அதிலுள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் மெல்லக் கரைத்துவிடும். மேலே பார்க்க வால்வு முழுசாகத் தெரியும், உள்ளே பொறபொறவென்று ஆகியிருக்கும். கத்தி முனையால் லேசாகக் கீறிப் பார்ப்பார்கள். மஞ்சளாகப் பளிச்சென்று தெரிந்தால் சரி. செம்பு நிறத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட வேண்டியதுதான். நல்ல வால்வாகவே இருந்தாலும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் துளைக்குப் பொருந்துகிற கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். குழாய் போனால் கட்டையை அடித்து இறுக்கிவிடலாம். ஒரு பெட்டியில் மொத்தமாகப் போட்டு வைத்தால் ஆகாதா என்றால், ஆகாது. முழங்கால் தண்ணீரில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்டியைத் தேடுகிறவர் ஒருவர்தான்.

சுக்கானையும் கரையில் இருக்கும்போதே ஆட்டிப் பார்க்க வேண்டும். அச்சில் ஆட்டம் அதிகம் இருந்தால் புதுப் பேரிங் போட வேண்டும். சக்கரத்திலிருந்து சுக்கானுக்குப் போகும் கம்பி அறுந்தால் நேரடியாகச் சுக்கான் தண்டில் மாட்டித் திருப்ப ஒரு நீண்ட பிடி எல்லாப் படகிலும் இருக்கும். அதை ஒருமுறையாவது மாட்டி ஓட்டிப் பார்த்தவர்கள் குறைவு. 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கரைகளுக்கு அப்பால் ஓர்க்கா திமிங்கிலங்கள் படகுகளின் சுக்கான்களைக் குறிவைத்து மோதி உடைத்து வருகின்றன. சில படகுகள் மூழ்கியும் போயின. அந்தக் கடல் வழியாகத்தான் கேனரித் தீவுகளுக்கு வர வேண்டும் என்பதால் சுக்கான் பற்றிய கவலை இப்போது கூடியிருக்கிறது.

அடுத்தது பாய்மரம். ஐம்பது அடி உயரத்தில் நிற்கிற அலுமினியக் கம்பத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடித்திருப்பவை துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் பத்தொன்பது இழைகளை முறுக்கியது. அவற்றில் ஒன்று மட்டும் அறுந்தால் கண்ணுக்கு எளிதில் தெரியாது. டிஷ்யூ காகிதத்தைக் கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இழுத்து வருவார்கள். அறுந்த இழையின் முனை இருந்தால் காகிதத்தைப் பற்றிக் கிழிக்கும். ஓர் இழை போனாலே கம்பி கெட்டுவிட்டது என்று கொள்ள வேண்டும், ஏனென்றால் மற்றவையும் அதே வயதுடையவை, அதே இழுவிசையைத் தாங்கியவை. கம்பியின் முனை உலோகக் குழலுக்குள் அழுத்தி இறுக்கப்பட்டிருக்கும் இடத்தில்தான் தேய்வு அதிகம். அங்கே பூதக்கண்ணாடி வைத்து முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று தேடுவார்கள். பத்து ஆண்டு தாண்டிய கம்பிகளை மாற்றச் சொல்லியோ, நிபுணரை வைத்துப் பரிசோதிக்கச் சொல்லியோ காப்பீட்டு நிறுவனங்கள் பல கேட்கின்றன. செலவு கூடுதல்தான், ஆனால் கேட்பதில் தவறில்லை. கம்பி அறுந்து மரம் சாய்ந்தால், உடைந்த மரம் கம்பிகளோடு பிணைந்தபடி அலைக்கு அலை படகின் பக்கத்தில் இடிக்கும். அதை வெட்டி விடுவதற்குப் பெரிய கட்டர் ஒன்றும் படகில் போகிறது. கை வலு குறைந்தவருக்கு ஹைட்ராலிக் கட்டர் நல்லது.

பாய்கள் விஷயத்தில் புதியவர்கள் பெரிய பாய், வேகம் என்று யோசிப்பார்கள். நெடுந்தூரம் போகிறவர்கள் பாயை எப்படிச் சுருக்குவது என்றுதான் யோசிக்கிறார்கள். காற்று ஏறினால் பாயின் பரப்பைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கரையோரப் படகுகளின் பெரிய பாயில் பெரும்பாலும் இரண்டு படிகள் இருக்கும். சமுத்திரத்துக்கு மூன்றாவது படி தைத்துக்கொள்வார்கள். அதோடு சுருக்கும் கயிறுகளை முடிந்தவரை ஓட்டுகிற இடத்துக்கே கொண்டுவருவார்கள், நடு இரவில் தனியாள் முன்தளத்துக்கு நடந்து போகாமல் வேலையை முடிக்கலாம் என்பதற்காக.

பின்காற்றில் ஓடும்போது வேறொரு ஆபத்து உண்டு. பெரிய பாயின் அடிச்சட்டத்தைப் பூம் என்பார்கள். காற்றோ படகோ சற்றுத் திசை மாறினால் காற்று பாயின் மறுபுறம் புகுந்து, பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தளத்தின் குறுக்கே வீசியடிக்கும். தலையில் பட்டால் உயிர் போகும், அப்படிப் போயிருக்கிறது. பூமின் நுனியிலிருந்து முன்பக்கம் வரை ஒரு கயிறு கட்டி அதை நகராமல் பிடித்து வைப்பதே இதற்குத் தடுப்பு. வியாபாரக் காற்றில் மூன்று வாரமும் பின்காற்றுதான் என்பதால் இந்த ஒரு கயிற்றுக்கான ஏற்பாட்டைத் துறைமுகத்திலேயே நிரந்தரமாகச் செய்துகொண்டு கிளம்புவது நல்லது.

மூன்று வாரம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார இருவரால் முடியாது. படகு தானாக ஓட வேண்டும். இதற்கு மின்சாரக் கருவி இருக்கிறது. திசைகாட்டியைப் பார்த்து மோட்டாரால் சுக்கானைத் திருப்பும். வேலை நன்றாகவே செய்யும், மின்சாரம் இருக்கும்வரை, உப்புத் தண்ணீர் புகாதவரை. பழைய தீர்வு ஒன்று இருக்கிறது, எனக்கு அதன் மேல் தனி மதிப்பு உண்டு. படகின் பின்புறம் ஒரு மெல்லிய பலகை காற்றை நோக்கி நிற்கும். படகு வழி தவறினால் காற்று அந்தப் பலகையைச் சாய்க்கும். சாய்கிற பலகை, தண்ணீருக்குள் தொங்கும் ஒரு தகட்டைச் சற்றே திருப்பும். ஓடுகிற தண்ணீர் அந்தத் தகட்டைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளும், அந்தப் பலம் இரண்டு கயிறுகள் வழியாகச் சுக்கானுக்குப் போகும். பலகைக்குத் தேவைப்பட்டது சிறு காற்று. சுக்கானைத் திருப்பும் பலத்தைத் தருவது படகின் சொந்த வேகம். காற்று கூடக் கூட இது இன்னும் உறுதியாக வேலை செய்யும், ஒரு துளி மின்சாரம் கேட்காது. 1960-இல் நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் போட்டியில் பிளாண்டி ஹாஸ்லர் தன் ஜெஸ்டர் படகில் இப்படி ஒரு கருவியை வைத்து ஓட்டிக் காட்டினார். அதன் பிறகுதான் சிறிய படகில் ஓரிருவர் சமுத்திரம் கடப்பது பலருக்கும் எட்டுகிற காரியமாயிற்று. வசதியிருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வார்கள். ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் காற்றுப் பலகையைச் சொல்வேன்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை பெரும் தின்னி ஃப்ரிட்ஜ். அடுத்தது அந்த மின்சார ஓட்டுக் கருவி. 12 வோல்ட்டில் ஒரு நாளைக்கு 100 முதல் 200 ஆம்பியர்-மணி செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், 400 வாட் சோலார் தகடு வெப்பமண்டல வெயிலில் சுமார் 100 ஆம்பியர்-மணி தரும். பாயின் நிழல் விழுந்தால் குறையும். மீதிக்கு எஞ்சினை ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டும். எதை அணைத்தால் பயணம் தொடரும், எதை அணைத்தால் தொடராது என்று முன்கூட்டியே பேசிவைத்த தம்பதிக்கு அந்த நாள் வரும்போது சச்சரவு இருக்காது.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர், குடிக்கவும் சமைக்கவும். 21 நாளுக்கு இருவருக்கும் 168 லிட்டர். பாதி கூட்டினால் சுமார் 250. பாத்திரம் கழுவவும் குளிக்கவும் கடல்நீர். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இப்போது பல படகுகளில் இருக்கிறது. என்றாலும் அது பழுதானால் கரை சேரும்வரை தாங்குகிற அளவு தொட்டியில் எப்போதும் இருந்தாக வேண்டும். அதுவும் இரண்டு தனித்தனித் தொட்டிகளில், கூடவே சில கேன்களில். ஒரு தொட்டியில் கடல்நீர் கலந்துவிட்டால் மற்றது காப்பாற்றும்.

சாப்பாடு விஷயத்தில் இவர்களின் வழக்கங்கள் சுவாரசியமானவை. அட்டைப்பெட்டி எதையும் படகில் ஏற்ற மாட்டார்கள்; அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒளிந்து வரும். எல்லாவற்றையும் படகுத் துறையிலேயே பிரித்து டப்பாக்களில் கொட்டிக்கொள்வார்கள். தகர டின்களின் மேல் மார்க்கரால் பெயர் எழுதிவிடுவார்கள், ஈரத்தில் லேபிள் உரிந்துவிடும் என்பதால். முட்டையைக் கழுவாததாகப் பார்த்து வாங்க வேண்டும்; கழுவாத முட்டை ஃப்ரிட்ஜ் இல்லாமல் வாரக்கணக்கில் இருக்கும். முட்டைக்கோஸ், பூசணி, உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவை தாக்குப்பிடிக்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாக வைக்கக் கூடாது. பிரஷர் குக்கருக்குப் படகில் பெரிய மரியாதை. எரிவாயு மிச்சம் என்பதோடு, மூடி பூட்டிக்கொள்வதால் அலையில் சாய்ந்தாலும் கொதிக்கிறது மேலே கொட்டாது. முதல் மூன்று நாளுக்கான சாப்பாட்டைக் கரையிலேயே சமைத்து வைத்துக்கொள்வார்கள், அந்த நாட்களில் வாந்தி மயக்கம் இல்லாமல் அடுப்பருகே நிற்க முடிகிறவர்கள் சிலரே. எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அதனால் சிலிண்டர் வெளியே கடலைப் பார்த்து வடிகிற தனி அறையில்தான் இருக்க வேண்டும்.

இனி பயப்பட வேண்டிய விஷயங்கள். ஆறு நாட், அதாவது மணிக்கு ஆறு கடல் மைல் வேகத்தில் போகிற படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் கடந்துவிடும். தண்ணீரில் விழுந்தவரின் தலை அலைகளுக்கு நடுவே தெரிவது அதற்குள் அரிதாகிவிடும். மற்றவர் கீழே தூங்கிக்கொண்டிருந்தால் அவருக்கு விஷயமே தெரியாது. ஆகவே இருவர் படகில் முதல் விதி, விழாமல் இருப்பது. முன்னிருந்து பின்வரை தளத்தில் பட்டையான வார் ஒன்றை இழுத்துக் கட்டி, மார்புக் கச்சையிலிருந்து வரும் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டே நடக்க வேண்டும். வாரைப் படகின் ஓரத்தில் கட்டாமல் முடிந்தவரை நடுவில் கட்டினால், தடுமாறி விழுந்தாலும் கொக்கி ஆளைத் தளத்திலேயே நிறுத்தும். மற்றவர் எழுந்து வராமல் முன்தளத்துக்குப் போவதில்லை என்று இரவுக்கு ஒரு ஒப்பந்தம் செய்துகொள்கிற தம்பதிகள் பலர்.

அப்படியும் விழுந்துவிட்டால், திரும்பி வந்து ஆளைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடியவில்லை. படகின் விளிம்பு தண்ணீரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல். உடையெல்லாம் நனைந்த எண்பது கிலோ கணவரை மனைவி கையால் தூக்க முடியாது. பாய் ஏற்றும் கயிற்றையும் அதைச் சுற்றி இழுக்கும் வின்ச்சையும் வைத்தோ, நான்கு மடங்கு இழுவை தரும் கப்பியை வைத்தோ தூக்க வேண்டும். இதைத் துறைமுகத்தில் ஒரு வெயில் நாளில், ஒருவர் உண்மையிலேயே தண்ணீரில் குதித்து, மற்றவர் தனியாகத் தூக்கி, செய்து பார்க்க வேண்டும். பிறகு இடம் மாறிச் செய்ய வேண்டும். நான் இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைக் கட்டாயம் என்று சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

படகே மூழ்கினால்? இங்கிலாந்தைச் சேர்ந்த மாரிஸ் பெய்லி, மாரலின் பெய்லி தம்பதியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டை விற்று 31 அடிப் படகு ஒன்றைக் கட்டி, ஆரலின் என்று பெயர் வைத்து, 1972-இல் நியூசிலாந்தை நோக்கிக் கிளம்பினார்கள். வெளியார் தொந்தரவு இல்லாத சுதந்திரம் வேண்டும் என்று செய்தி அனுப்பும் ரேடியோவை வேண்டுமென்றே வைத்துக்கொள்ளவில்லை. 1973 மார்ச் 4 அன்று பனாமாவிலிருந்து கலபாகஸ் தீவுகளுக்குப் போகும் வழியில் ஒரு திமிங்கிலம் மோதி அடியில் ஓட்டை விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் படகு போய்விட்டது. ரப்பர் தெப்பம் ஒன்றும் காற்றடைத்த சிறு படகு ஒன்றும் இருந்தன. இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மழைநீரைப் பிடித்துக் குடித்தும், ஊக்கை வளைத்துத் தூண்டிலாக்கி மீன் பிடித்தும் 117 நாட்கள் மிதந்தார்கள். கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணெதிரே கடந்து போயின, யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் ஒரு கொரிய மீன்பிடிக் கப்பல் அவர்களைத் தூக்கியது. மாரலினுக்கு நீச்சல் தெரியாது. தெப்பத்தில் இருந்தபடியே அவர் நோட்டுப் புத்தகத்தில் அடுத்த படகுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். பின்னாளில் அந்தப் படகில் இருவரும் மறுபடி கிளம்பவும் செய்தார்கள்.

அவர்கள் காலத்தில் இல்லாத ஒன்று இன்று கை அளவு கருவியாகக் கிடைக்கிறது. ஈபர்ப் என்று பெயர். இயக்கினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள்களுக்கு அபாய அறிவிப்பு போகும். காஸ்பஸ்-சார்சட் என்ற பன்னாட்டு ஏற்பாடு அதை மீட்பு மையத்துக்குக் கொண்டுசேர்க்கும். மாதச் சந்தா கிடையாது. இதையும் தெப்பத்தையும் ஒரு நீர்புகாப் பையையும் படியருகே வைத்திருப்பார்கள். பையில் குடிநீர், அபாய அறிவிப்புக்கான ஃப்ளேர் சுடர்கள், கையடக்க ரேடியோ, மருந்து, பாஸ்போர்ட். கண்ணாடி அணிபவர் என்றால் இன்னொரு ஜோடிக் கண்ணாடியும். கப்பல் மோதும் அபாயத்துக்கு ஏ.ஐ.எஸ். கருவி உதவுகிறது; பெரிய கப்பல்களின் பெயர், வேகம், திசை எல்லாம் திரையில் தெரியும், நம் படகும் அவர்கள் திரையில் தெரியும். ஆனாலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து அடிவானத்தைச் சுற்றிப் பார்ப்பதை அது இல்லாமலாக்கிவிடாது. எல்லாப் படகும் அந்தக் கருவியைச் சுமப்பதில்லை.

எஞ்சினுக்கு வருகிறேன். வழக்கமாக இங்கேதான் அளவுகோல் சறுக்குகிறது. பெரும்பாலான தம்பதிகளில் எஞ்சினும் மின்சாரமும் கணவர் பொறுப்பு, சமையலும் சாமானும் மனைவி பொறுப்பு என்று தானாகவே பிரிந்துவிடுகிறது. வீட்டில் அது எப்படியோ போகட்டும். படகில் கணவர் காய்ச்சலில் படுத்தால் எஞ்சினும் படுத்துவிடும். ஆகவே சிறிய பழுதுகளையாவது இருவரும் கையால் செய்து பழக வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்ப்பில் இம்பெல்லர் என்கிற ரப்பர்ச் சக்கரம் ஒன்று இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்குவது. பிளாஸ்டிக் பை ஒன்று நீர் வரும் துளையை அடைத்துவிட்டால் சக்கரம் வறண்டு சுற்றிச் சற்று நேரத்தில் இதழ்கள் பிய்ந்துவிடும். மாற்றுவது இப்படி: எஞ்சினை நிறுத்தி, கடல்நீர் வால்வை மூடி, எஞ்சின் சாவியைக் கழற்றி அந்த வால்வின் மேலேயே மாட்ட வேண்டும், வால்வைத் திறக்க மறந்து எஞ்சினை இயக்கிவிடாமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை. பம்ப்பின் மூடியிலுள்ள சின்னத் திருகுகளைக் கழற்றி, பழைய சக்கரத்தைக் குறடால் இழுத்து, பிய்ந்த இதழ்களை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அது குழாயில் எங்கோ சிக்கியிருக்கிறது என்று பொருள், தேடி எடுத்தே ஆக வேண்டும். புதியதில் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தடவி, சுற்றும் திசைக்கு வளைத்து உள்ளே தள்ளி, மூடியை மாட்டி, வால்வைத் திறந்து, புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று பார்க்க வேண்டும். முதல்முறை செய்கிறவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். துறைமுகத்தில் நிதானமாக அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழித்த மனைவி, கடலில் எஞ்சின் ஓசை மாறும்போது கணவரை எழுப்பலாமா என்று தயங்கி நிற்க மாட்டார். அதேபோல வானிலைச் செய்தியை இறக்கிப் படிக்கவும், எந்தப் பையில் எது இருக்கிறது என்று சொல்லவும் கணவருக்கும் தெரிய வேண்டும்.

இருவர் மட்டும் உலகைச் சுற்றிய பயணம் ஒன்று நமக்கு மிக அருகில் நடந்திருக்கிறது. இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் 56 அடிப் படகான தாரிணியில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா வழியாக 2025 மே 29 அன்று திரும்பினார்கள். அவர்கள் தம்பதி இல்லை, கடற்படையின் பெரும் ஆதரவு பின்னால் இருந்தது. ஆனால் நடுக்கடலில் கணக்கு இதேதான்: ஒருவர் மேலே, ஒருவர் தூக்கத்தில். அதற்கு அவர்கள் மூன்றாண்டு பயிற்சி எடுத்தார்கள்.

இத்தனை கருவி வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. எரிக், சூசன் ஹிஸ்காக் தம்பதி 1952 முதல் 1955 வரை 30 அடி வாண்டரர் III-இல் உலகைச் சுற்றினார்கள். லின், லாரி பார்டே தம்பதி தாங்களே கட்டிய 24 அடி செராஃபினில் எஞ்சினே இல்லாமல் சுற்றினார்கள். எஞ்சின் இல்லாவிட்டால் இம்பெல்லரும் இல்லை, டீசல் வடிகட்டியும் இல்லை. எல்லோருக்கும் அது பொருந்தாது. ஆனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது: படகிலேயே பழுது பார்க்க முடியாத கருவியை வைத்துக்கொள்ளலாம், அதை நம்பிப் பயணம் இருக்கக் கூடாது.

உடம்பையும் தயார் செய்ய வேண்டும். பல் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போகாதவர்கள் பின்னால் வருந்துவார்கள். மருந்துப் பெட்டியை மருத்துவரோடு உட்கார்ந்து நிரப்ப வேண்டும். கடலில் இருப்பவர்களுக்கு இலவசமாக மருத்துவ ஆலோசனை சொல்ல ரோம் நகரில் 1935 முதல் ஒரு மையம் இயங்குகிறது. சாட்டிலைட் போனில் கூப்பிட்டால் மருத்துவர் பேசுவார். துறைமுக அனுமதி, விசா, காப்பீடு என்று காகித வேலைகளும் உண்டு. முதல்முறை சமுத்திரம் கடக்கும் தம்பதி என்றால் மூன்றாவது ஆள் வேண்டும் என்று சில காப்பீட்டாளர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாம் முடிந்ததும் ஒரு வெள்ளோட்டம். கரையை விட்டு விலகி மூன்று நாள், இரவும் பகலும், காவல் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் கட்டாயம் பழக வேண்டியது படகைக் கடலில் நிறுத்தி வைப்பது. முன்பாயைக் காற்று வரும் பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானைப் படகு காற்றை நோக்கித் திரும்பும்படி வைத்துக் கட்டிவிட்டால், முன்பாய் படகை ஒரு புறம் தள்ள, பெரிய பாயும் சுக்கானும் மறுபுறம் தள்ள, படகு ஏறத்தாழ நின்று மெல்ல மிதக்கும். ஆட்டம் அடங்கும், சத்தம் குறையும். தனியாக இருப்பவர் களைத்துப்போனால், காயப்பட்டால், ஏதாவது உடைந்தால், யோசிக்க நேரம் கிடைக்கும். மற்றவரின் தூக்கத்தைக் கெடுக்காமல் இதைச் செய்ய முடிகிறவர் காவலுக்குத் தயார் என்று சொல்லலாம்.

வெள்ளோட்டத்தில் இன்னும் இருபது குறைகள் கண்ணில் படும். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு கிளம்பலாம் என்று இருந்தால் பருவம் கடந்துவிடும். துறைமுகங்களில் பத்தாண்டாகத் தயாராகிக்கொண்டே இருக்கிற படகுகள் உண்டு. குறைகளை மூன்றாகப் பிரிப்பது பயன்படும்: படகு மூழ்கவோ ஆள் விழவோ காரணமாகக் கூடியவை, பயணத்தைத் தாமதப்படுத்தக் கூடியவை, அசௌகரியம் மட்டும் தருபவை. முதல் வகை ஒன்று பாக்கி இருந்தாலும் கிளம்பக் கூடாது. மூன்றாம் வகை வேலைகளைப் போகிற வழியில் செய்துகொள்ளலாம்.

கடைசியாகச் செய்ய வேண்டியது கரையில் இருக்கிற ஒருவருக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பது. மகளோ அண்ணனோ நண்பரோ, தொலைபேசியை எடுக்கக் கூடியவர் யாராக இருந்தாலும் சரி. படகின் பெயர், நிறம், நீளம், பாயில் எழுதிய எண், தெப்பத்தின் நிறம், சாட்டிலைட் போன் எண், போகிற வழி, எத்தனை நாள் செய்தி வராவிட்டால் கவலைப்பட வேண்டாம், எந்தத் தேதி தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஈபர்ப் கருவியைப் பதிவு செய்யும்போது கொடுக்கிற அவசரத் தொடர்பு எண்ணும் இவருடையதாகவே இருக்கட்டும். அபாய அறிவிப்பு வந்ததும் மீட்பு மையம் அந்த எண்ணைக் கூப்பிட்டு விசாரிக்கும்: படகு உண்மையில் கடலில்தான் இருக்கிறதா, எத்தனை பேர், அவர்களுக்கு என்ன வயது, என்ன நோய். நள்ளிரவில் அந்த அழைப்பை எடுக்கிறவர் காகிதத்தைப் பார்த்துத் தடுமாறாமல் பதில் சொன்னால், ஹெலிகாப்டரோ அருகிலுள்ள கப்பலோ அவ்வளவு சீக்கிரம் திரும்பும்.